தண்ணிப் பட்டன்

திரும்பவும் ரெண்டு தடவ சொல்லுது. தண்ணி வேணும், தண்ணி வேணும். குரல் என்னோடதுதான், என் செல்லுல நானே பதிஞ்சதுதான், இருந்தாலும் கேக்கக் கேக்க எனக்கே பத்திக்கிட்டு வருது. ஒரு தடவ அமுக்குனா ஒரு தடவ சொல்லு, அம்புட்டுத்தான கேட்டேன், நிலாவுக்கா ராக்கெட் விடச் சொன்னேன்? இவரு கட்டில்ல தலகாணிய அண்டக் குடுத்து உக்காந்துக்கிட்டு, இடது கைய மவுசு மேல வச்சபடி என்னையே பாக்குறாரு. வலது கை மடியில கெடக்கு, யாரோ வச்சிட்டு எடுக்க மறந்துபோன சாமான் மாதிரி. ஆடி மாசம் பஸ்ல டிக்கெட் கிழிச்சுக்கிட்டு இருக்கும்போதே பக்கவாதம் வந்து சாஞ்சவரு. டாக்டர் சொன்னாரு, நீங்க சொல்றது அவருக்குப் புரியும்மா, பதில்தான் வராது, எழுத்தும் படமும் கொஞ்சம் குழம்பும், தலையாட்டுறத நம்பாதீங்க, ஆமாவுக்கும் இல்லைக்கும் ஒரே மாதிரிதான் ஆட்டுவாருன்னு. சரி, வாய் இல்லாட்டி என்ன, கம்ப்யூட்டர் பேசட்டும்னு நான் புரோகிராம் எழுத உக்காந்தேன். தண்ணிக்குப் பெருசா ஒரு சொம்புப் படம், சோத்துக்கு ஒரு தட்டு, ஃபேன், பாத்ரூம், வலிக்குதுன்னு ஒரு அழுவுற மூஞ்சி. அமுக்குனா சொல்லும். ஆனா தண்ணிய அமுக்குனா ரெண்டு ரெண்டு தடவ சொல்லுது. போன வாரம் இவுக அண்ணன் பாக்க வந்தப்ப, பெருமையா மடியில வச்சுக் காட்டுனேன். தண்ணி வேணும் தண்ணி வேணும்னு அது கத்துன கத்துல அவுக மூஞ்சியே செத்துப்போச்சு. "பொன்மாரி, கோவிச்சுக்காதம்மா, இவனுக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சு. நீ வேலைக்குப் போனப்புறம் யாரு பாக்குறது? ஞாயித்துக்கெழமை சாயங்காலம் வேன் கொண்டாரேன், ராஜபாளையத்துக்கு எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிர்றேன்." அத்தான், கோளாறு புரோகிராம்ல, உங்க தம்பிக்கிட்ட இல்லன்னு சொன்னேன். அவுக என்னயப் பாவமாப் பாத்தாக. அந்தப் பார்வைதான் என்னால தாங்க முடியல. இன்னைக்குத்தான் ஞாயித்துக்கெழமை. மத்தியானச் சோறு முடிஞ்சாச்சு. வேன் வர்றதுக்குள்ள இது ஒழுங்காப் பேசியாகணும், பேச வைக்காம விட மாட்டேன்.

கோடிங்க மொதல்லேர்ந்து பாப்போம். பட்டன அமுக்குனா, பதிஞ்ச குரலப் போடுற வரி, அப்புறம் முடிஞ்சுபோச்சு. இதுல எங்க ரெண்டு தடவ சொல்லச் சொல்லியிருக்கு? எங்கயும் இல்ல. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் கல்யாணப் பத்திரிகை, காலண்டர், பட்டாசுப் பெட்டிக்கு லேபிள். பிரஸ்ல டி.டி.பி. பாக்குறவளுக்கு எங்க எழுத்து நகந்துருக்குன்னு கண்ணு தன்னால போயிரும், ஆனா இந்த இங்கிலீஷ் வரிகளுக்கு நடுவுல போய்த் தொலைஞ்சு நிக்கும். வீடியோ பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டது. மொதப் பட்டன் மொத நாள் வேல செஞ்சப்ப அடுப்புல பால் பொங்கி வழிஞ்சது தெரியாம உக்காந்துருந்தேன், இவரு வாயால ஏதோ சத்தம் குடுத்துத்தான் திரும்பிப் பாத்தேன். புதுசாப் படிக்கிறவுக கேள்வி கேக்குற குரூப்பு ஒண்ணு இருக்கு, அதுல நேத்து செல்லுல ஸ்கிரீனப் படம் புடிச்சுப் போட்டு, ஐயா இது ஏன் திரும்பத் திரும்பச் சொல்லுதுன்னு கேட்டேன். ஒருத்தரு, பேரு தமிழ்வேந்தனாம், வந்து விழுந்தாரு பாருங்க. "படத்தப் போடாதீங்க, கோடிங்கப் போடுங்க. அடிப்படை தெரியாம அப்ளிகேஷன் எழுத வந்துர்றீங்க." ஏன்யா, அடிப்படை தெரிஞ்சா உங்கிட்ட எதுக்கு வாரேன்? படத்துல டியூப்லைட்டு வெளிச்சமும் என் கட்ட வெரலும்தான் தெளிவாத் தெரிஞ்சுச்சுங்கறது வேற விஷயம். இன்னொருத்தரு, இதுக்கு எதுக்குங்க கம்ப்யூட்டரு, கையில ஒரு மணியக் குடுத்துர வேண்டியதுதானன்னாரு. மணியக் குடுக்கணுமாம். கோயில் மாடா அவரு? ஆத்திரத்துல கண்ணுல தண்ணி முட்டுச்சு. ஆனா விடல. மொத்தக் கோடிங்கையும் ஒட்டுனேன், வெக்கத்த விட்டு ஒட்டுனேன், எழுத்துப் பிழையோட. நஸ்ரின்னு ஒரு புள்ள, வாணியம்பாடியில காலேஜ் படிக்குதாம், அதுதான் மொத மொத மனுஷங்க மாதிரிப் பேசுச்சு. "அக்கா, அழகா எழுதியிருக்கீங்க. பேச ஆரம்பிக்கும்போது பட்டன முடக்கிருங்க, முடிஞ்சதும் தொறந்துவிடுங்க. சரியாயிரும்." அழகா எழுதியிருக்கீங்கன்னு சொன்ன வார்த்தைய மட்டும் எத்தன தடவ படிச்சிருப்பேனோ. அப்படியே செஞ்சேன். பட்டன் சாம்பல் நெறமா மாறுது, பேசுது, பழையபடி வெளுக்குது, வெளுத்த ஒடனே திரும்பப் பேசுது. முடக்கியும் பேசுதே! இதுக்கு மேல என்னத்த முடக்க, என்னையத்தான் முடக்கணும்.

வெயிலு ஆஸ்பெஸ்டாஸ் கூரையில எறங்குது. பக்கத்துப் பிரஸ்ல கட்டிங் மிஷின் ஓடல, ஞாயிறுங்கறதால தெருவே அடங்கிக் கெடக்கு, அந்த அமைதியில எதாச்சும் வண்டிச் சத்தம் கேட்டா வாசல எட்டிப் பாக்குறேன். இப்பமே வந்துட்டாகளோ. இல்ல, அது தண்ணி லாரி. நஸ்ரினுக்கு எழுதியாச்சு, அது இன்னும் பாக்கல, சாப்புட்டுட்டுத் தூங்குமா இருக்கும், புள்ளைகளுக்கு இன்னைக்குத்தான தூக்கம். காத்துக்கிட்டு இருக்கும்போதுதான் அந்த நெனப்பு வருது, வேண்டாம் வேண்டாம்னு தள்ளத் தள்ள வருது. இது சரியாகி, இவருக்கு ஒரு வழி கெடைச்சு, அவுக அண்ணன் கேக்கும்போது, ஆமா நான் ஒன்கூட வாரேன்னு சொல்லிட்டாருன்னா? சொல்ல மாட்டாருன்னு எனக்கென்ன தெரியும்? ராஜபாளையத்துல காத்து வரும், மலை தெரியும், அண்ணன் பிள்ளைக சித்தப்பா சித்தப்பான்னு மேல வந்து விழுங்க. இங்க என்ன இருக்கு? ஒத்த ரூமு, காகித வாசனை, காலையில பக்கத்து வீட்டுல சொல்லிட்டு ஓடிப்போயி பொழுதடைய ஓடி வர்ற நானு. அவுக ரெண்டு பேரும் சாதாரண அண்ணன் தம்பியா? ஒரே மினி பஸ்ல அண்ணன் ஓட்ட, தம்பி டிக்கெட் குடுக்க, திருத்தங்கல்லுக்கும் சிவகாசிக்கும் வருசக்கணக்காப் போயி வந்தவுக. நான் அந்த பஸ்ல வேலைக்குப் போனவ. பின் படிக்கட்டுல ஒரு காலு, உள்ள ஒரு காலு, வாயில விசிலு, கூட்டத்துல சில்லறைய வெரலுக்கு நடுவுல சொருகிக்கிட்டு, "ஏ மஞ்சத்தாவணி, உள்ள போ, பஸ்ஸுக்குள்ள இன்னொரு பஸ்ஸே போகும்"னு சொன்ன மனுஷன். நான் தாவணியே கட்டல, சுடிதாரு, அத ஒரு மாசம் கழிச்சுத்தான் சொன்னேன். வாய், வாய், எந்நேரமும் வாய். அந்த வாய்க்குத்தான் கட்டிக்கிட்டேன். இப்பம் அந்த வாயில வலது ஓரமா எச்சி ஒழுகுது, நான் தொடைச்சு விடுறேன், அவரு கண்ண மூடிக்கிறாரு. அவரோட விசில அந்தா ஆணியில மாட்டியிருக்கேன். ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த புதுசுல வாயில வச்சுப் பாத்தாரு, உதடு கவ்வல, காத்து பூராம் ஓரமாப் போயிருச்சு, தூக்கி எறிஞ்சுட்டாரு. சரி, போறேன்னு சொன்னா சொல்லட்டும். எனக்குப் பயமாத்தான் இருக்கு, பொய் சொல்ல மாட்டேன். இருந்தாலும் அவரு வாயால சொல்லிட்டுப் போகட்டும். சாமானத் தூக்குற மாதிரி ரெண்டு பக்கமும் பிடிச்சுத் தூக்கி வேன்ல ஏத்துறதுக்கு நான் சம்மதிக்க மாட்டேன். செல்லு மினுங்குது. நஸ்ரின்.

"அக்கா, மன்னிச்சுருங்க, நான் பாதிதான் சொன்னேன். உங்க புரோகிராம்ல வேலை பாக்குறது ஒரே ஆளு. பேசறதும் அவன்தான், பட்டன் அமுக்குறதக் கேக்கறதும் அவன்தான். பேசிக்கிட்டு இருக்கும்போது அமுக்குனா அவனுக்குக் கேக்காது, ஆனா அந்த அமுக்கு வாசல்ல வரிசையில நிக்கும். பேசி முடிச்சுட்டு, தொறந்துவிட்டப்புறம், ஒவ்வொண்ணா எடுத்துச் சொல்லுவான். பேசறத வேற ஆளுகிட்ட குடுத்துருங்க, பட்டன அதுவரைக்கும் மூடி வைங்க. அந்த வரி இந்தா." அட, இவ்வளவுதானா! தமிழ்வேந்தனுக்கு இதச் சொல்ல வாய் வலிச்சுச்சா? அப்பம் அது தானாச் சொல்லல. இவரு ரெண்டாவது தடவ அமுக்குறாரு, அதத்தான் சேத்து வச்சுச் சொல்லுது. கை நடுங்குதுல்ல, அதான், தெரியாமப் படுது. பாத்தீகளா அத்தான், புத்தி இல்ல, கை. வரிய மாத்துனேன். செவப்புக் கோடு வந்துச்சு, ஒரு புள்ளி விட்டுருக்கேன், வச்சேன். இன்னொரு செவப்பு, பேர தப்பா அடிச்சிருக்கேன், அதையும் பாத்தேன். ஓடுச்சு. நான் டக்குடக்குனு நாலு தடவ அமுக்குறேன், ஒரே ஒரு தடவ சொல்லிட்டு வாய மூடிக்குது. ஆத்தாடி! ரூமுக்குள்ள ஒரு சுத்துச் சுத்தி வந்தேன். நஸ்ரினுக்கு முத்தம் குடுக்குற பொம்மைய அனுப்புனேன். இந்தாங்க, இப்பம் அமுக்குங்கன்னு மவுச அவரு கைக்குக் கீழ வச்சேன். வேர்க்குதே, ஃபேனக் கூட்டி வைக்கவான்னு சும்மா கேட்டேன். அமுக்குனாரு. தண்ணி வேணும். ஒரே தடவ! ஓடிப்போயிச் சொம்பு எடுத்துட்டு வந்தேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. எப்பவும் இப்பிடித்தான், கேப்பாரு, கொண்டாந்தா திருப்பிக்கிருவாரு, இதனால எத்தன சொம்பு தண்ணி செடிக்கு ஊத்தியிருக்கேன். வேணாமா? அப்புறம் ஏன் கேட்டீக? திரும்ப அமுக்குனாரு. திரும்பத் தண்ணி. அவரு மூஞ்சி சிவக்குது, மவுசத் தூக்கி மெத்தையில அடிக்கிறாரு, தொண்டையிலேர்ந்து ஒரு சத்தம், கண்ணுல தண்ணி. பட்டன் வந்ததுலேர்ந்து கோவமே வராத மனுஷன், இப்பம் சரியானப்புறம் எதுக்குக் கோவம்? பயந்துபோயி நிக்கிறேன். நெசமாவே அண்ணன் சொன்னது சரியோ. நெசமாவே இவருக்கு எதுவும் இல்லையோ. அவரு மவுசப் பழையபடி எடுத்து வச்சு அமுக்குனாரு, என்னயப் பாத்துக்கிட்டே. நான் சொம்ப வச்சிட்டுச் சும்மா நின்னேன். அப்பத்தான் காதுல விழுந்துச்சு. இதுக்கு முன்னாடி என் குரல் அது மேல ஏறி மிதிச்சு மிதிச்சுக் கேக்க விடாமப் பண்ணுனது. மவுசோட சத்தம். டக், டக். நடுங்குற கையோட சத்தம் இல்ல அது. ஒண்ணு, கொஞ்சூண்டு எடவெளி, இன்னொண்ணு. எனக்குத் தெரியும் அந்த எடவெளி. வருசக்கணக்காக் காலையிலயும் சாயங்காலமும் என் முதுகுக்குப் பின்னாடி கேட்ட எடவெளி. ஒத்த விசில்னா நிறுத்து, ரெட்ட விசில்னா போ.

உக்காந்துட்டேன், தரையில. ஃபேனக் கூட்டி வைக்கவான்னு கேட்டேன், அவரு ரெட்ட விசில் குடுத்தாரு. ஆமான்னாரு. நான் தண்ணி கொண்டாந்தேன். மத்தியானம் இன்னும் கொஞ்சம் சோறு வைக்கவான்னு கேட்டேன், ஒத்த அமுக்கு, போதும்னாரு. தண்ணி கொண்டாந்தேன். டாக்டர் படம் குழம்பும்னு சொன்னாரே, நான் காதுல வாங்கலையே. அவருக்குச் சொம்பும் தெரியாது தட்டும் தெரியாது, கைக்குப் பக்கத்துல பெருசா எது இருக்கோ அத அமுக்குறாரு. நான்தான தண்ணிய எல்லாத்தையும் விடப் பெருசா வச்சேன். இத்தன நாளும் எங்கூடப் பேசிக்கிட்டே இருந்துருக்காரு. நான் ரெட்ட விசிலுக்குப் பூட்டு வேற போட்டு வச்சிட்டேனே, பாவி! அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வருது. எந்திரிச்சேன். மெல்லக் கேட்டேன், என்னங்க, என் பேரு செல்லக்கிளியா? ஒரு அமுக்கு. நிறுத்து. பொன்மாரியா? ரெண்டு. கட்டிலுக்கு நெருங்கிப் போனேன். அன்னைக்குப் பஸ்ல நான் போட்டிருந்தது மஞ்சத்தாவணியா? ஒண்ணு, அதோட அந்தக் கோணவாய் இடது பக்கமா ஏறுது, சிரிக்காரு, ஆத்தா, சிரிக்காரு. போதும், அழுவுறதுக்கு நேரமில்ல, வேல கெடக்கு. நஸ்ரின் குடுத்த வரிய எடுத்தேன். பூட்ட எடுத்தேன். மொத நாளு எழுதுன கோடிங்கே போதும், அமுக்குனத எல்லாம் வரிசையில நிக்க வச்சு ஒண்ணு விடாமச் சொல்லுற அந்தப் பழைய கோடிங். சொம்பு போ, தட்டு போ, அழுவுற மூஞ்சி போ. ஒரே பட்டன், ஸ்கிரீன் பூராத்துக்கும். என் குரலும் வேண்டாம், எம்புட்டு நாளா அவரு பேச்சுல நான் பேசிக்கிட்டு இருந்தேன். நாக்காலிய இழுத்துப் போட்டு ஏறி ஆணியிலேர்ந்து விசில எடுத்தேன், தூசியத் தொடச்சேன், செல்லப் பக்கத்துல வச்சு ஊதுனேன். புஸ்ஸுன்னு எச்சிதான் வந்துச்சு. கட்டில்லேர்ந்து க்ஹூன்னு ஒரு சத்தம், கேலி பண்றாரு, எனக்குத் தெரியாதா அவரு கேலி. திரும்ப ஊதுனேன், கன்னம் வலிக்க, காது அடைக்க. தெருவே முழிச்சிருக்கும். எதுத்த வீட்டக்கா எட்டிப் பாத்து, "என்னடி பொன்மாரி, பட்டப்பகல்ல பஸ்ஸு விடுற?"ங்குறா. ஆமாக்கா, விடப்போறேன்னேன். செல்லுல பதிஞ்சத வெட்டிச் சின்னதாக்கி, பட்டனுக்கு மாட்டி, ஓட விட்டு, நெஞ்சக் கையில பிடிச்சுக்கிட்டு அமுக்குனேன். விசில் கேட்டுச்சு. நஸ்ரின் கேட்டிருந்துச்சு, அக்கா சரியாயிருச்சான்னு. ரெண்டு தடவ சொல்றது தப்பே இல்லடாம்மா, விவரமாச் சொல்றேன், இருன்னு எழுதுனேன். வாசல்ல வேன் வந்து நிக்குது.

அண்ணன் செருப்ப வெளிய விட்டுட்டு, தலையக் குனிஞ்சு உள்ள வந்தாக. பெரிய பையி ஒண்ணு கையில, இவரு துணிமணி வைக்க. இவரு கட்டில்லேர்ந்து அண்ணனப் பாத்தாரு, கண்ணு கலங்குச்சு, அந்தக் கண்ணப் பாத்ததும் எனக்கு இருந்த தெம்பெல்லாம் வடிஞ்சுபோச்சு. போகப்போறாரு. ரெண்டு அமுக்கப்போறாரு. "சாப்ட்டாச்சாம்மா? வெளிச்சம் இருக்கும்போதே கெளம்பிருவோம். துணியெல்லாம் எடுத்து வச்சிட்டியா?" எடுத்து வைக்கல அத்தான். அவரக் கேளுங்க. அவரு வாரேன்னு சொன்னா நானே எடுத்து வைக்கேன், நானே வேன்ல ஏத்தி விடுறேன். "திரும்பவும் இந்தப் பொட்டியா? ஏம்மா, அவனப் போட்டுப் படுத்துற?" கேளுங்க அத்தான், ஒரே தடவ, எனக்காக. அண்ணன் பெருமூச்சு விட்டுட்டு, கட்டிலுக்கு எதுக்க பிளாஸ்டிக் சேர்ல உக்காந்தாக. சொல்லிறலாமா, ஒண்ணுன்னா இது, ரெண்டுன்னா அதுன்னு? வாய் வரைக்கும் வந்துருச்சு. சொல்ல மாட்டேன், சொன்னா நான் சொல்லிக் குடுத்ததுன்னு ஆயிரும். லேப்டாப்ப இவரு பக்கம் திருப்பி வச்சிட்டு, செவத்தோட செவரா ஒட்டி நின்னுக்கிட்டேன். "காளி, நம்ம வீட்டுக்குப் போலாமாடா?" இவரு அண்ணன விட்டுக் கண்ண எடுக்கல. இடது கை மெல்ல நகருது. விசில். ரூமு பூராம் அந்தச் சத்தம். ஒண்ணு. இன்னொண்ணு வருமா? அந்தக் கொஞ்சூண்டு எடவெளி எனக்கு மனப்பாடம், அது வந்துருச்சு, போயிருச்சு, இன்னும் வரல, கை மவுசு மேலதான் இருக்கு, வரல. அண்ணன் காலப் பாத்தேன். வலது பாதம் பிரேக்க மிதிச்ச மாதிரி வெறுந்தரையில அழுந்தி நிக்குது, வெரலெல்லாம் வெளுக்க. அவுகளும் குனிஞ்சு தன் காலப் பாத்தாக. ரொம்ப நேரம் பாத்தாக. "டேய்... நீதானாடா?" ரெண்டு விசில். பையி கையிலேர்ந்து நழுவிக் கீழ விழுந்துச்சு. அந்தப் பெரிய மனுஷன் துண்ட எடுத்து மூஞ்சியில வச்சுக்கிட்டு, வெளிய வேன் ஓட்டி வந்த ஆளப் பாத்துச் சத்தம் போட்டாக, "எப்பா, வண்டிய அணைச்சுரு, இன்னைக்கு ட்ரிப் இல்ல." நான் அடுப்படிப் பக்கம் திரும்பிக்கிட்டு, காப்பி போடவான்னு பொதுவாக் கேட்டேன். பின்னாலேர்ந்து ரெண்டு விசில்.